மாதவிடாய் நிற்கும் பருவம்: சில விளக்கங்கள்

(நமது சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அக்டோபர் 18-ஆம் தேதியை உலக மெனோபாஸ் தினமாக அனுசரிக்கிறார்கள். அதையொட்டி இந்த விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று மகளிர் பிரிவுச் செயலர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் இல்லை. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 35 வருஷம் புள்ளிவிவரங்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவள். வயது 74 ஆகிறது. ஆகவே நான் சொல்வதை யாரும் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதற்கு உபயோகப்பட்டால் அதுவே போதும்.

நோட்டீஸில் தலைப்பைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாமா மேடை போட்டுப் பேசணும்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டதாகக் கேள்வி. பின் வரிசையில் ஐந்தாறு மாமாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து போகாமல் இருப்பதற்கு அவர்களுக்கு என் நன்றி. நான் பேசப்போவதில் பாதி அவர்களுக்காகத்தான்.

முதலில், இது ஏன் வருகிறது என்று பார்க்கலாம். பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதக் கருவாக இருக்கும்போதே அதன் சினைப்பைகளில் 60, 70 லட்சம் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. அதற்குமேல் புதிதாக உருவாவதில்லை, குறையத்தான் செய்யும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் இருக்கும். பெண் பெரியவளாகும் சமயத்தில் 3, 4 லட்சம். இவற்றில் முழுதாக முதிர்ந்து வெளியே வருவது ஆயுள் முழுவதற்கும் சேர்த்து 400, 500 மட்டுமே. மற்றவை தாமாகக் கரைந்துவிடுகின்றன. அப்பா நம் பெயரில் போட்டுவைத்த டெபாசிட்டில் எடுத்துச் செலவழிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டியும் கிடையாது, மேற்கொண்டு போடவும் வழியில்லை.

இந்த முட்டைகளைச் சுற்றியுள்ள செல்கள்தான் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் பெருமளவில் சுரக்கின்றன. முட்டைகள் குறையக் குறைய ஈஸ்ட்ரோஜனும் தடுமாற ஆரம்பிக்கிறது. ஒரேயடியாகக் குறையாது. ஒரு மாதம் ஏகத்துக்கு ஏறும், அடுத்த மாதம் இறங்கும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, "ஏன் வேலை நடக்கவில்லை?" என்று மெமோ அனுப்புகிற மேலதிகாரி மாதிரி எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை மேலும் மேலும் அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த இழுபறி சில வருஷங்கள் நடக்கும். 20 நாளில் வரும், பிறகு இரண்டு மாதம் வராது, வந்தால் கொட்டும். கடைசியாக வந்ததிலிருந்து 12 மாதம் முழுதாக வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் நிற்கிறது. நம் நாட்டில் 46, 47 வாக்கிலேயே நின்றுவிடுகிறது. 45 வயதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமான அறிகுறிகள் இருந்தால் அதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் அவசியமில்லை. எஃப்.எஸ்.ஹெச். ஒரு நாள் ஏறியும் மறுநாள் இறங்கியும் இருக்கும் என்பதால் அதற்குச் செலவழிக்கும் பணம் வீண்.

40 வயதுக்கு முன்பே நின்றால் அது வேறு விஷயம். அவசியம் டாக்டரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று: இழுபறிக் காலத்தில் கர்ப்பம் தரிக்காது என்று நினைக்க வேண்டாம். மாமியாரும் மருமகளும் ஒரே வருஷத்தில் பிள்ளை பெற்ற கதைகள் நம் பாட்டி தலைமுறையில் எத்தனை!

இனி அறிகுறிகளுக்கு வருகிறேன். எல்லோருக்கும் தெரிந்தது, உடம்பில் குப்பென்று ஏறுகிற சூடு. மார்பில் ஆரம்பித்துக் கழுத்து, முகம் என்று பரவும். வேர்த்துக் கொட்டும், படபடக்கும். சில நிமிஷங்களில் அடங்கி, நனைந்த ரவிக்கையோடு குளிர் எடுக்கும். எனக்கு 49 வயதில் ஒரு ஜனவரி மாதத்தில் ஆரம்பித்தது. தில்லி ஜனவரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். எல்லோரும் கோட்டும் சால்வையுமாக ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற மீட்டிங்கில் நான் மட்டும் ஃபைலை விசிறியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "மேடம், ஆர் யூ ஆல்ரைட்?" என்று கேட்காதவர்கள் இல்லை. இரவில் நாலு முறை எழுந்து போர்வையை உதறுவதும், பிறகு தேடி எடுத்துப் போர்த்திக்கொள்வதுமாகப் பொழுது விடிந்துவிடும்.

இதன் காரணம் சமீப காலத்தில்தான் தெளிவாகியிருக்கிறது. மூளையில் ஹைபோதலாமஸ் என்ற பகுதியில் உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் மையம் இருக்கிறது. வீட்டு கீஸரில் தெர்மோஸ்டாட் இருப்பது போல. சாதாரணமாக உடம்புச் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது கண்டுகொள்ளாது. அதன் அருகில் உள்ள சில நரம்புச் செல்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்தச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் நியூரோகைனின் பி என்ற பொருளைச் சுரந்து மையத்தைக் கலவரப்படுத்துகின்றன. அதற்குப்பின் ஒரு வாய் காப்பி குடித்தால் ஏறுகிற சூட்டுக்கே, உடம்பு தீப்பிடித்துக்கொண்டது போல மையம் பதறி, ரத்தக் குழாய்களை விரித்து வேர்வையைக் கொட்ட வைக்கிறது. ஆக, இது மனப்பிரமை இல்லை. "கவனத்தை வேறு பக்கம் திருப்பு" என்று சொல்லித் தீர்கிற விஷயமும் இல்லை.

எத்தனை நாள் இருக்கும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' என்ற ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தது. அடிக்கடி சூடு ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருஷங்களுக்கு மேல் நீடித்திருக்கிறது. "ஆறு மாசத்தில் சரியாயிடும்" என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்வதற்கு ஆதாரம் கிடையாது.

நம் நாட்டுப் பெண்களிடம் நடத்திய பல ஆய்வுகளில் சூட்டைவிட அசதி, மூட்டுவலி, தூக்கமின்மை ஆகியவைதான் முன்னால் நிற்கின்றன. மறதி, படபடப்பு, காரணமில்லாமல் அழுகை, எடுத்தெறிந்து பேசுவது இவையும் உண்டு. இங்கேதான் மாமாக்கள் கவனிக்க வேண்டும். நாலு வருஷம் இரவில் தூங்காத ஒரு மனுஷி காலையில் ஐந்தரைக்கு எழுந்து டிகாஷன் இறக்கி, டிபன் பண்ணி, வேலைக்கும் போய்விட்டு வந்தால் அவள் சிரித்த முகத்தோடு இருப்பாளா? "உங்கம்மா வர வர சிடுமூஞ்சியா ஆயிட்டா" என்று பெண்ணிடம் குறைப்பட்டுக்கொள்வதற்கு முன், அவள் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குக் கல்யாணம், பெண்ணுக்குப் பிரசவம், மாமியாருக்குப் பக்கவாதம், எல்லாம் இந்த வயதில்தான் ஒன்றாக வந்து சேர்கின்றன என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதே சமயம், 47 வயதில் வருகிற எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டிவிடவும் கூடாது. படபடப்பும் வேர்வையும் இளைப்பும் தைராய்டு அதிகமானாலும் வரும். அசதியும் எடை கூடுவதும் தைராய்டு குறைந்தாலும் வரும். மாதாமாதம் கொட்டித் தீர்த்ததில் ரத்தசோகை வந்திருக்கலாம். நம்மைப் போன்ற சைவ உணவுக்காரர்களுக்கு வைட்டமின் பி12 குறைவு சகஜம். மறதி, கால் மரத்துப்போவது, சோர்வு எல்லாம் அதனாலும் வரும். இரவு வேர்வையோடு மாலைக் காய்ச்சல், இருமல், எடைக் குறைவு இருந்தால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோயை. ஆகவே ஹீமோகுளோபின், டி.எஸ்.ஹெச்., சர்க்கரை, பி12 இவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது சிகிச்சை. இதில் ஒரு பெரிய கதை இருக்கிறது. புள்ளிவிவரக்காரி என்பதால் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து கொடுத்தால் சூடு அடங்கிவிடும். இதற்கு இணையான மருந்து இன்றுவரை இல்லை. 1942-இல் அமெரிக்காவில் பிரெமரின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. அது கர்ப்பமான குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எடுக்கப்பட்டது. (சபையில் சலசலப்பு.) பயப்பட வேண்டாம், இப்போது பெரும்பாலும் கொடுக்கப்படும் எஸ்ட்ரடயால் வள்ளிக்கிழங்கு வகை, சோயா போன்ற தாவரப் பொருள்களை மூலமாகக் கொண்டு தயாராகிறது. 1960-களில் இளமையைக் காப்பாற்றும் மருந்து என்று விளம்பரமாகிச் சக்கைப்போடு போட்டது. 1975-இல் ஒரு குண்டு விழுந்தது. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகமாகிறது என்று தெரிந்தது. கூடவே புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் கொடுத்தால் அந்த ஆபத்து நீங்குகிறது என்று கண்டுபிடித்து, மறுபடி பழக்கத்துக்கு வந்தது.

நான் 2000-ஆவது வருஷக் கடைசியில் டாக்டர் ஆலோசனையில் இந்த இரண்டும் சேர்ந்த மாத்திரையை ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் தூக்கம் திரும்பியது. ஒன்றரை வருஷம் நிம்மதியாக இருந்தேன். 2002 ஜூலையில் ஒரு நாள் காலை பேப்பரைப் பிரித்தால் தலைப்புச் செய்தி: ஹார்மோன் மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம், அமெரிக்காவில் ஆய்வு பாதியில் நிறுத்தம். அன்று அலுவலகத்தில் என் வயதையொத்த பெண்கள் எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. பல பேர் அன்றே மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். என் டாக்டர் அப்போது கிடைத்த தகவலின்படி படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். சூடு திரும்பி வந்து இன்னும் மூன்று வருஷம் கூட இருந்தது.

ஆனால் எனக்கு அந்த 26 சதவீதம் உறுத்திக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் யாராவது சதவீதத்தை மட்டும் எழுதிக் கொண்டுவந்தால், "எதில் சதவீதம்?" என்று கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்புகிறவள் நான். தேடிப் படித்தேன். அந்த ஆய்வின் பெயர் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேடிவ். இந்தப் பிரிவில் 16,608 பெண்கள். மாத்திரை சாப்பிடாதவர்களில் 10,000 பேரில் வருஷத்துக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. கூடுதல் 8 பேர். 30-க்கு 8 என்றால் ஏறத்தாழ 26 சதவீதம்தான், கணக்கு சரி. ஆனால் பேப்பரைப் படித்த பெண்கள் நூற்றுக்கு 26 பேருக்குப் புற்றுநோய் வரும் என்று எண்ணிக்கொண்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரலில் ரத்தக்கட்டி இவையும் 10,000-க்கு 7, 8, 8 என்று கூடியிருந்தன. குடல் புற்றுநோய் 6-ம், இடுப்பெலும்பு முறிவு 5-ம் குறைந்திருந்தன. அதைத் தலைப்பில் போட யாருக்கும் இடமில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மூன்றில் இரண்டு பங்கு 60 வயதைத் தாண்டியவர்கள். மாதவிடாய் நின்று பத்து, பதினைந்து வருஷம் ஆனவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை, நேற்று நின்ற 48 வயதுக்காரிக்கு அப்படியே பொருத்திவிட்டார்கள். பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள், அல்லது நின்று 10 வருஷத்துக்குள் ஆரம்பிக்கிற ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மைதான் அதிகம் என்று தெரிந்தது. கருப்பை எடுக்கப்பட்டு, ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்ட பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை. 2017-இல், 18 வருஷத் தொடர்கண்காணிப்புக்குப் பிறகு, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் மொத்த மரண விகிதத்தில் வித்தியாசம் இல்லை என்று அறிவித்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003-இல் இந்த மருந்துகளின் மேல் கட்டம் கட்டி ஒட்டிய எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்கப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. இடையில் 22 வருஷம் போய்விட்டது. ஒரு தலைமுறைப் பெண்கள் விசிறியோடு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே மருந்துக் கடைக்குப் போய் நிற்கவும் கூடாது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 50 வயதில் ஆரம்பித்து 5 வருஷம் இரண்டு ஹார்மோன்களையும் தினமும் சேர்த்துச் சாப்பிட்டால், அடுத்த 20 வருஷத்தில் 50 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரலாம் என்று 2019-இல் லான்செட் பத்திரிகையில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு கூறுகிறது. மேலை நாட்டுப் பெண்களின் கணக்கு அது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் இவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. தோலில் தடவும் ஜெல்லாக எடுத்துக்கொண்டால் ரத்தக்கட்டி அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. இதையெல்லாம் எடைபோட டாக்டர் வேண்டும். நான் சொல்வது, பயந்து ஓடாமல் அந்த எடைபோடுதலைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான்.

கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவர்களுக்கு இந்த மாறுதல் வருஷக்கணக்கில் மெதுவாக வராமல், ஆபரேஷன் முடிந்த சில நாளில் மொத்தமாக வந்து இறங்கும். நம் நாட்டில் கருப்பையை எடுப்பது சின்ன வயதிலேயே, சில சமயம் அவசியமில்லாமலே, நடக்கிறது. ஆபரேஷன் என்று சொன்னால் இரண்டாவது டாக்டரிடம் அபிப்பிராயம் கேளுங்கள், "சினைப்பையையும் எடுக்கப் போகிறீர்களா, ஏன்?" என்று கேளுங்கள். 45 வயதுக்குள் எடுத்துவிட்டால், தடை எதுவும் இல்லாதவர்களுக்கு, இயற்கையாக நிற்கும் வயது வரையிலாவது ஹார்மோன் கொடுப்பதுதான் எலும்புக்கும் இதயத்துக்கும் பாதுகாப்பு என்பது இன்றைய மருத்துவ நடைமுறை.

ஹார்மோன் வேண்டாதவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் வேறு வழிகள் உண்டு. மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் பரோக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போன்றவற்றைக் குறைந்த அளவில் கொடுத்தால் சூடு குறைகிறது. "எனக்கென்ன பைத்தியமா?" என்று சீட்டைக் கிழிக்க வேண்டாம், அந்த மருந்து சூட்டு மையத்திலும் வேலை செய்கிறது. முன்பு சொன்ன நியூரோகைனினைத் தடுக்கும் ஃபெஸோலினிடன்ட் என்ற மருந்துக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அரிதாகக் கல்லீரலைப் பாதிப்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை தேவை. சோயா, சதாவரி என்றெல்லாம் கேட்பீர்கள். சோயா சாப்பிட்டால் நல்ல புரதம் கிடைக்கும், சூடு குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சதாவரிக்கும் அப்படித்தான். பெயர் தெரியாத லேகியத்தை மட்டும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அதில் ஈயம், பாதரசம் இருந்தால் யார் பொறுப்பு? பருத்திப் புடவை, படுக்கையருகே ஒரு ஃபேன், எடையைக் குறைப்பது, யாருக்குக் காப்பியால் சூடு ஏறுகிறதோ அவர்கள் சாயந்திரக் காப்பியை விடுவது இவை செலவில்லாத வைத்தியம். கடைசியில் சொன்னது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயத்தைப் பெண்கள் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து உலர்ந்துபோகும். எரிச்சல், அரிப்பு, தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி சிறுநீர்த்தொற்று, தும்மினால் ஒரு சொட்டு கசிவது எல்லாம் வரும். சூடு காலப்போக்கில் அடங்கும், இது அடங்காது, வயதோடு கூடும். வருஷத்துக்கு நாலு முறை யூரின் இன்ஃபெக்ஷன் என்று ஆன்டிபயாடிக் சாப்பிடும் பாட்டிமார்கள் பலருக்கு வேண்டியது, அந்த இடத்தில் மட்டும் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம். அது ரத்தத்தில் கலப்பது மிகமிகச் சொற்பம். கணவருக்கு ஒரு வார்த்தை: மனைவி ஒதுங்குகிறாள் என்றால் பிரியம் போய்விட்டது என்று பொருள் இல்லை, வலிக்கிறது என்று பொருளாக இருக்கலாம்.

எலும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், போன வருஷம் இதே மேடையில் ஒரு டாக்டர் விவரமாகப் பேசினார். நின்ற பிறகு முதல் ஐந்தாறு வருஷங்களில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 350 வரை. துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை வைத்தார்களே நம் பெரியவர்கள், அதில் கால்சியம் ஏராளம். மாதம் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். வெயிலில் நடங்கள், கொஞ்சம் எடை தூக்கிப் பழகுங்கள், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி போடுங்கள். 65 வயதில் டெக்ஸா ஸ்கேன் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இன்று பேசவே ஒப்புக்கொண்டேன். என் மன்னியைப் பற்றியது. அவள் மருமகளிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

மன்னி எங்கள் குடும்பத்தின் மூத்த மாட்டுப்பெண். நாக்பூரில் இருந்தாள். 50 வயதில் நின்றது. அதை அவள் விடுதலையாகத்தான் கொண்டாடினாள். அதுவரை சிராத்தம், சுமங்கலிப் பிரார்த்தனை என்றால் தேதியைப் பார்த்துப் பார்த்துப் பயந்து கிடந்தவள். "இனிமே எந்த நாளா இருந்தாலும் நானே மடியாச் சமைப்பேன்" என்பாள். எட்டு வருஷம் அப்படியே செய்தாள். 58-ஆவது வயதில் ஒரு நாள் லேசாகப் பட்டது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி விலகி உட்கார வேண்டும். பிள்ளை, மாட்டுப்பெண், பேரன் உள்ள வீட்டில் இந்த வயதில் இது என்ன அசிங்கம் என்று எண்ணினாள். அடுத்த மாதம் மாமனார் சிராத்தம் வேறு. ரகசியமாகத் துணியை அலசிப் போட்டுக்கொண்டு ஏழு மாதம் ஓட்டினாள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஒரு நாள் பாத்ரூமில் துணியைப் பார்த்துவிட்டு மருமகள்தான் கேட்டாள், அன்றே டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். கருப்பைப் புற்றுநோய். வெளியே பரவத் தொடங்கியிருந்தது. ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் செய்தார்கள். மூன்று வருஷம் இருந்தாள். கடைசி வரை, "சமையல்கட்டுக்காகச் சொல்லாம இருந்தேன், இப்போ சமையல்கட்டே இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். நாங்கள் யாரும் சிரித்ததில்லை.

மடி, ஆசாரம் பற்றிப் பேச நான் வரவில்லை. அவரவர் ஆத்து வழக்கம் அவரவருக்கு. ஆனால் ஒரு வருஷம் முழுதாக நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டால், ஒரே ஒரு சொட்டானாலும், பழுப்பு நிறமானாலும், அது மாதவிடாய் இல்லை. மாதவிடாய் திரும்பி வராது. அப்படிப் பட்டவர்கள் நூறு பேரில் சுமார் 90 பேருக்கு உட்தோல் மெலிவு, சிறு கட்டி என்று சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். சுமார் 9 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் இருக்கும். அந்தப் புற்றுநோய் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இப்படி முன்கூட்டியே ரத்தம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மற்ற எத்தனையோ புற்றுநோய்கள் இந்த உபகாரத்தைச் செய்வதில்லை. கருப்பைக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒரு ஆபரேஷனோடு குணமாகிவிடும். பரிசோதனையும் பயங்கரமானது இல்லை. ஸ்கேனில் உட்சவ்வின் தடிமனைப் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ மறுபடி பட்டாலோ சிறிது சதை எடுத்துச் சோதிப்பார்கள். அதிக எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மார்பகப் புற்றுக்காக டாமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்களும் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மாட்டுப்பெண்களே, பெண்களே, மாமியாரிடமும் அம்மாவிடமும் இதை நீங்களே ஒரு முறை கேட்டுவிடுங்கள். "உங்களுக்கு அப்படி ஏதாவது பட்டதா?" என்று நேரடியாகக் கேட்டால்தான் சொல்வார்கள். தாமாக வந்து சொல்லமாட்டார்கள்.

டாக்டரிடம் போகும்போது நாலு விவரங்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்: கடைசியாக வந்த தேதி, ஒரு நாளில் எத்தனை முறை சூடு ஏறுகிறது, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும் (லேகியம் உட்பட), அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ மார்பகப் புற்றோ ரத்தக்கட்டியோ வந்திருக்கிறதா என்பது. டாக்டருக்கு உங்களிடம் செலவழிக்கப் பத்து நிமிஷம்தான் இருக்கும். இதை முன்னாலேயே எழுதி வைத்தால் பாதி நேரம் மிச்சம்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். எல்லோர் எதிரிலும் கேட்கக் கூச்சமாக இருப்பவர்களுக்காக வாசலில் காப்பி மேஜைக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியும் வெற்றுக் காகிதங்களும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெயர் எழுத வேண்டாம். எனக்குத் தெரிந்ததற்கு நானும், மற்றதற்கு நம் உறுப்பினர்களில் உள்ள பெண் டாக்டர் ஒருவரும் அடுத்த இதழில் பதில் தருகிறோம்.